சிவப்பு மையும் செந்தமிழும்

(தமிழாசிரியரும் பெற்றோரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தனித்தமிழ் அன்பர்கள் கூட்டும் கூட்டம் என்றால், தமிழிற் கலந்துள்ள வடசொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் களைவது பற்றியே பேச்சு இருக்கும் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அது வேண்டுவதே. ஆயினும், களை பறிப்பதற்கு முன் வயலிற் பயிர் நிற்க வேண்டுமன்றோ? நம் பிள்ளைகள் தூய தமிழில் எழுதுகின்றனரா என்பது இரண்டாவது வினா. தமிழில் தாமாகப் பத்து வரி எழுதுகின்றனரா என்பதே முதல் வினா. அம் முதல் வினாவைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன். இடையிடையே நம்மவரைப் பற்றியும் சில கடுஞ்சொற்கள் வரும். அவற்றுட் பெரும்பகுதி என்னை நோக்கி நானே சொல்லிக் கொள்பவை, ஆகலின் பொறுத்தருள்க.

2022-ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்த்தாளில் தேறாதவர் ஏறத்தாழ 47,000 பேர். 2023 மார்ச்சுத் திங்களில் பன்னிரண்டாம் வகுப்பு மொழித்தாள் தேர்வுக்கு வராமலே நின்றுவிட்டவர் 50,000-க்கு மேற்பட்டவர். செய்தி வந்த அன்று நாமெல்லாம் கொதித்தோம், இதழ்களில் எழுதினோம், பின்பு மறந்தோம். நோய்த்தொற்றினாற் பள்ளிகள் மூடிக்கிடந்தமையே கரணியம் என்றனர் சிலர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் என்னை உறங்கவிடாதது தேறாதவர் தொகையன்று, தேறியவர் நிலை. தேறிய பல நூறாயிரவருள், தன் தெருவில் நடந்த ஒன்றைத் தன் சொற்களாற் கோவையாக எழுதிக் காட்ட வல்லார் எத்துணைப் பேர்? 2005 தொட்டு நடந்துவரும் ஏசர் கணக்கெடுப்பு தலையாயதாக அளப்பது படிக்கும் திறனையும் கணக்குத் திறனையுமே. நடுவணரசு நடத்தும் நாடளாவிய அடைவாய்விலோ, கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைக் குறித்தாற் போதும். குழந்தை தானாக ஒரு சொற்றொடரேனும் ஆக்க வேண்டியதில்லை. படிக்கத் தெரிகிறதா என்று பார்க்கிறோம். கூட்டத் தெரிகிறதா என்று பார்க்கிறோம். எழுதத் தெரிகிறதா என்று பார்ப்பாரில்லை.

பொதுத்தேர்வில் கட்டுரை வினா இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. முன்னுரை முதல் முடிவுரை வரை குறிப்புகளை வினாத்தாளே தந்துவிடுகிறது. அக் குறிப்புகளுக்குரிய கட்டுரைகளை முன்னரே துணைநூலிலிருந்து உருப்போட்டு வந்த பிள்ளை, அவற்றை அப்படியே இறக்கி வைக்கிறது. புதிய பாடத்திட்டத்தில் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்றொரு வினா வந்தது. ஒரு படத்தைக் காட்டி, அதைப் பார்த்துத் தோன்றுவதை எழுதச் செய்வது. உருப்போடுவதை ஒழிக்கும் நல்ல வினா என்று நான் மகிழ்ந்தேன். ஓராண்டு கழியவில்லை, எந்தப் படத்தைக் காட்டினும் பொருந்துமாறு வரிகளைக் கட்டிவைத்து, அவற்றையும் உருப்போடச் செய்துவிட்டனர் சிலர். படத்தைப் பாராமலே காட்சியைக் கண்டு எழுதும் திறம் உலகில் வேறெங்கும் இருக்குமோ, அறியேன்.

இனி, என் குற்றம் ஒன்றைச் சொல்கிறேன். நான் ஆசிரியப்பணி ஏற்ற மூன்றாம் ஆண்டு. எட்டாம் வகுப்பு. ‘நான் கண்ட காட்சி’ என்று தலைப்புக் கொடுத்தேன். பெரும்பாலார் கடற்கரைக் காட்சியை எழுதியிருந்தனர். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நூறு கல் தொலைவு. ஒரு பையன் மட்டும் வேறொன்று எழுதியிருந்தான். அவன் தந்தை கிணறு வெட்டும் தொழிலாளி. பாறையில் துளையிட்டு வெடியை வைத்துத் திரியைக் கொளுத்திவிட்டு, கயிற்றைப் பற்றிக்கொண்டு அவர் மேலேறி வருவதை, கிணற்றின் வாயில் நின்று பார்த்த காட்சி. அதில் ஒரு வரி இன்றும் எனக்கு மறக்கவில்லை: “அப்பா மேல வர்ற வரிக்கும் அம்மா வாய் தெறக்கல.”

நான் என்ன செய்தேன்? சிவப்பு மையை எடுத்தேன். ரகர றகரப் பிழை, ஒற்றுப் பிழை, பேச்சு வழக்கு என்று இருபத்துமூன்று இடங்களில் வட்டமிட்டேன். அடியில் ‘கொச்சை நடை கூடாது’ என்று எழுதிப் பத்துக்கு மூன்று கொடுத்தேன். கிணற்றைப் பற்றியோ, கயிற்றைப் பற்றியோ, அந்தத் தாயைப் பற்றியோ ஒரு சொல் எழுதவில்லை. அடுத்த திங்கள் அவன் ஒரு சுற்றுலாக் கட்டுரையைத் துணைநூலிலிருந்து பெயர்த்தெழுதிக் கொடுத்தான். ஒரு பிழையும் இல்லை. எட்டு மதிப்பெண் கொடுத்து, ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதினேன். முன்னேற்றமன்று, தோழர்களே, அன்றோடு அவன் எழுதுவதை நிறுத்திவிட்டான். நான் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

இன்னொன்றையும் கேளுங்கள். நான் மூன்று மதிப்பெண் கொடுத்த அந்தக் கிணற்று வரியில் அயற்சொல் ஒன்றேனும் உண்டா? எண்ணிப் பாருங்கள். ஒன்றும் இல்லை. நான் எட்டு கொடுத்த சுற்றுலாக் கட்டுரையிலோ ‘பிரயாணம்’, ‘ஆனந்தம்’, ‘வைபவம்’ என்று வரிக்கு வரி வடசொல். தனித்தமிழ்ப் பற்றாளன் என்று சொல்லிக்கொண்ட நான், தனித்தமிழை அடித்துவிட்டுக் கலவைத் தமிழுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன்!

பிள்ளைகள் எழுதக் கற்பது எவ்வாறு என்பதைக் கையில் அளவுகோலோடு ஆய்ந்தவர்கள் இருக்கின்றனர். ஆங்கில நாடுகளில் அவ்வாய்வு அறுபது ஆண்டுகட்கு மேலாக நடந்து வருகிறது. அயலார் ஆய்வு நமக்கெதற்கு என்று தள்ளிவிட வேண்டா. ஆங்கிலம் நம் பிள்ளைகளின் வாயை அடைப்பதைத்தான் எதிர்க்கிறோம். ஆங்கிலேயன் தன் பிள்ளைக்குத் தன் தாய்மொழியை எப்படிக் கற்பிக்கிறான் என்பதைத் தெரிந்துகொள்வதில் இழுக்கொன்றுமில்லை.

1962-இல் இலண்டனில் ஆரிசு என்பவர் ஓர் ஆய்வு செய்தார். ஐந்து பள்ளிகள், ஈராண்டுகள். ஒரு சாரார்க்கு வழக்கமான இலக்கணப் பாடம். மறு சாரார்க்கு அந்நேரத்தில் இலக்கணத்திற்கு மாற்றாக எழுத்துப் பயிற்சி. முடிவில், எழுதிப் பழகியவர்களே நன்றாக எழுதினர். மறு ஆண்டு, 1963-இல், அமெரிக்க நாட்டில் பிராடாக்கு முதலிய மூவர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். இலக்கணத்தைத் தனியே ஒரு பாடமாக நடத்துவதால் எழுத்துத் திறன் வளர்வதாகச் சான்றில்லை. எழுதுவதற்குரிய நேரத்தை அது தின்றுவிடுவதால் கேடும் விளையலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆசிரியர்கள் கொதித்தெழுந்தனர். நாமும் கொதித்திருப்போம். நியூசிலாந்தில் மீண்டும் பார்த்தனர். மூன்றாண்டுகள், 248 மாணவர். ஒரு பிரிவுக்குப் புதுவகை இலக்கணம், ஒரு பிரிவுக்குப் பழைய இலக்கணம், ஒரு பிரிவுக்கு இலக்கணமே இல்லாமல் படிப்பும் எழுத்தும். 1976-இல் முடிவு வந்தது. எழுத்துத் திறனில் மூன்று பிரிவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அதன்பின் ஆய்வுகளை எண்ணுவதை விட்டு நிறுக்கத் தொடங்கினர். பல ஆய்வுகளின் விளைவுகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, தராசில் இடுவது போன்ற முறை அது. விளைவே இல்லையென்றால் சுழி, நல்விளைவென்றால் கூட்டல், தீவிளைவென்றால் கழித்தல். சிக்காகோப் பல்கலைக்கழகத்துச் சியார்ச்சு இல்லாக்சு 1986-இல் இவ்வாறு நிறுத்துப் பார்த்தார். ஆசிரியர் விளக்க, பிள்ளைகள் கேட்டுப் பின் எழுதும் முறைக்குக் கிடைத்தது ஏறத்தாழச் சுழி. ‘விரும்பியதை எழுதுக’ என்று விட்டுவிடும் முறை அதனினும் சற்று மேல். ஆசிரியர் தெளிவான ஒரு பணியைக் கொடுத்து, அதற்குரிய செய்திகளையும் முன்வைத்து, பிள்ளைகள் சிறுசிறு குழுவாக இருந்து கலந்து பேசிப் பின் எழுதும் முறையே ஏனையவற்றைப்போல் இருமடங்கிற்கு மேல் பயன் தந்தது. 2007-இல் இசுடீவு கிரகாம், தொலோரிசு பெரின் இருவரும் நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவரைப் பற்றிய ஆய்வுகளை மீண்டும் நிறுத்தனர். திட்டமிடவும் திருத்தவும் வழிமுறைகளைக் கற்பித்தலுக்கு 0.82. பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் துணையாக எழுதுதற்கு 0.75. சிறு சொற்றொடர்களை இணைத்துப் பெருந்தொடர் ஆக்கும் பயிற்சிக்கு 0.50. இலக்கணத்தைத் தனியே கற்பித்தலுக்கு? கழித்தல் 0.32.

இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. தொல்காப்பியம் கண்ட இனத்தின் முன் வந்து இலக்கணம் வேண்டா என்கிறானே இவன் என்று எண்ணுகிறீர்கள். அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. அந்த எண்கள் ஆங்கிலத்திற்கு உரியவை. ஆங்கிலச் சொற்கள் தமிழ்ச் சொற்களைப்போல் ஒன்றோடொன்று புணர்வதில்லை. வல்லொற்று மிகுதலும் மிகாமையும் பொருளையே மாற்றும் மொழி நம்முடையது. ‘வேலை கொடு’ என்பதும் ‘வேலைக் கொடு’ என்பதும் ஒன்றாகுமா? முன்னது பணி கேட்பது. பின்னது வேற்படையைக் கேட்பது. ஆகவே இலக்கணம் வேண்டும். எப்போது, எவ்வாறு என்பதே வினா. இங்கிலாந்தின் எக்சீட்டர்ப் பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு விடை தருகிறது. இலக்கணத்தைத் தனிப்பாடமாக வையாமல், பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரைக்குள்ளேயே வைத்து, இந்த இடத்தில் இப்படி எழுதினால் என்ன ஆகும் என்று காட்டியபோது எழுத்து வளர்ந்தது. நன்றாக எழுதக்கூடியவர்க்கே அப்பயன் மிகுதியாகக் கிட்டியது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

நம் வகுப்பிலோ வினையெச்சம் என்றால் என்ன? ‘எஞ்சி நின்று வினை கொண்டு முடிவது’ என்று பிள்ளை ஒப்புவிக்கிறது. இரண்டு மதிப்பெண். அதே பிள்ளையிடம் மூன்று சிறு தொடர்களைக் கொடுத்துப் பாருங்கள்:

மழை பெய்தது. ஏரி நிரம்பியது. உழவர் மகிழ்ந்தனர்.

இம்மூன்றையும் ஒரே தொடராக்கு என்று சொல்லுங்கள். ‘மழை பெய்ததனால் நிரம்பிய ஏரியைக் கண்டு உழவர் மகிழ்ந்தனர்’ என்று ஒருவன் எழுதுவான். ‘ஏரி நிரம்பும்படி மழை பெய்தமையால் உழவர் மகிழ்ந்தனர்’ என்று ஒருத்தி எழுதுவாள். முன்னதில் உழவரின் கண் ஏரிமேல் இருக்கிறது. பின்னதில் மழைமேல் இருக்கிறது. இரண்டையும் கரும்பலகையில் எழுதி, எது எதைச் சொல்கிறது என்று பிள்ளைகளையே பேசவிடுங்கள். அதன்பின், ‘கண்டு’ என்பதற்கு ஒரு பெயர் உண்டு, ‘நிரம்பிய’ என்பதற்கு ஒரு பெயர் உண்டு என்று சொல்லுங்கள். பொருள் முதலில் வந்து பெயர் பின்னால் வரும்போது அது மறப்பதில்லை. எச்சங்களாலேயே எத்துணை நீளத் தொடரையும் கோத்துச் செல்ல வல்லது தமிழ். ஆங்கிலத்திற்கே 0.50 தந்த பயிற்சி தமிழுக்கு இன்னும் கூடுதலாகத் தரும் என்பது என் துணிபு. துணிபுதான், அளந்து பார்த்ததன்று. அளந்து பார்க்க வேண்டியவர்கள் நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையினரும் கல்வியியல் துறையினரும்.

பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் துணையாகக் கற்றல் என்பதை அவர்கள் இப்போதுதான் கண்டுபிடித்தார்கள் என்று எண்ண வேண்டா. பவணந்தியார் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தைத் திறந்து பாருங்கள். மாணவன் ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டுக்கொண்டாலும் புலமையிற் காற்கூறே பெறுவான். உடன்பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்கூறு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறு என்று பங்கிட்டுக் காட்டுகிறார். ஆசிரியர்க்குக் கால் பங்கு! நாமோ நாற்பது நிமையமும் நாமே பேசிவிட்டு, முழுப்பங்கும் கொடுத்துவிட்டதாக எண்ணி வகுப்பைவிட்டு வெளியேறுகிறோம். நன்னூலைப் பாடமாக நடத்துகிறோம். நன்னூல் சொன்னபடி நடத்துவதில்லை.

இம்முறை இங்கிருந்து கடல் கடந்தும் போயிருக்கிறது. ஆண்டுரூ பெல் என்னும் காட்டுலாந்துப் பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரரின் தாய்தந்தையற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லமொன்றின் பொறுப்பை ஏற்றார். அக்கம்பக்கத்து நாட்டுப்பள்ளி ஒன்றில் சிறுவர் மணலைப் பரப்பி விரலால் எழுதிக் கற்பதைக் கண்டார். தம் பள்ளியில் அதைப் புகுத்தச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் மறுத்துவிட்டனர். எட்டு அகவைச் சிறுவன் ஒருவனையே அழைத்து, கீழ்வகுப்புக்கு அவ்வாறு எழுத்துக் கற்பிக்கச் செய்தார். சிறுவர் சிறுவர்க்குக் கற்பித்த அம்முறையைப் பற்றி 1797-இல் இலண்டனில் நூலும் வெளியிட்டார். பின்னர் அது ‘மதராசு முறை’ என்னும் பெயரால் இங்கிலாந்தின் பள்ளிகளிற் பரவிற்று. காட்டுலாந்தில் ‘மதராசு’ப் பெயரில் ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது.

இதைச் சொல்லி மார்தட்டிக்கொள்வது எளிது. மார்தட்டுவதோடு நின்றுவிட்டால் பொய்யராவோம். நம் திண்ணைப் பள்ளியின் மணலில் எல்லார் விரலும் படியவில்லை. மன்றோ திரட்டிய கணக்கின்படி, சென்னை மாநிலத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றனர். அவருட் பெண்பிள்ளைகள் 4,540 பேரே. ஒடுக்கப்பட்டோர் வீட்டுப் பிள்ளைகட்கு அத்திண்ணை எட்டாத உயரமாகவே இருந்தது. அன்றியும், அங்குக் கற்றது எழுத்தை வரைவதும், எண்சுவடியையும் நீதிநூல்களையும் மனத்திற் கொள்வதும். தன் கருத்தைத் தன் சொல்லால் எழுதுவது அங்குப் பெரிதாக இடம்பெறவில்லை. கிணறு வெட்டுவார் மகன் தன் தந்தையைப் பற்றி எழுதும் காலம் நம் காலத்திற்றான் வந்தது. வந்தவனை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் முன்னரே சொன்னேனே.

ஆய்வு செய்த நாட்டினர் எல்லாரும் நன்றாக எழுதுகிறார்களா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அமெரிக்க நாட்டில் 2011-இல் நாடளாவிய எழுத்துத் தேர்வு நடத்தினர். எட்டாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நூற்றுக்கு 27 பேரே தகுதிநிலையை எட்டினர். ஏன் அப்படி? ஆர்தர் ஆப்பிள்பீ என்பார் 1981-இலேயே வகுப்பறைகளுக்குட் சென்று பார்த்தார். ஒரு பத்தி அளவேனும் எழுதுவதற்குப் பிள்ளைகள் செலவிட்ட நேரம் மொத்தத்தில் 3 விழுக்காடு. எஞ்சிய நேரமெல்லாம் கோடிட்ட இடத்தை நிரப்புவதும், ஒற்றைச் சொல்லில் விடை எழுதுவதும், பெயர்த்தெழுதுவதும். அங்கும் ஆய்வு நூலகத்தில் இருக்கிறது. வகுப்பறை வகுப்பறையில் இருக்கிறது. நம் பள்ளியில் ஒருவர் கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்த்தால் அந்த மூன்றேனும் தேறுமா?

திருத்துதல் பற்றி ஒரு சொல். சேனட் எமிக்கு என்னும் ஆய்வாளர் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எண்மரை ஒவ்வொருவராக அருகில் அமர்த்தி, எழுதும்போதே எண்ணுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்து, 1971-இல் நூலாக வெளியிட்டார். பள்ளிக்காக எழுதும்போது முன்கூட்டி எண்ணுவதும் பின்னர்த் திருத்துவதும் மிகக் குறைவு. தமக்காக எழுதும்போதுதான் நின்று, எண்ணி, மாற்றி எழுதுகின்றனர் என்று கண்டார். எழுத்தென்பது ஒரே மூச்சிற் கொட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வதன்று. இதற்கு அயல்நாட்டுச் சான்று எதற்கு? நம் மறைமலையடிகளார் இருக்கிறாரே! அவர் தம் தொடக்ககால நூல்களை வடசொற்கள் விரவவே எழுதினார். தனித்தமிழ் என்று துணிந்த பின், அந்நூல்களின் மறுபதிப்புகளில் அச்சொற்களைக் களைந்து தமிழ்ச் சொற்களை வைத்தார். ‘ஞானசாகரம்’ என்று தாம் தொடங்கிய இதழையே ‘அறிவுக்கடல்’ ஆக்கினார். முதலில் எழுதினார், பின்பு தூய்மை செய்தார். அடிகளார்க்கே முதற்படி, மறுபடி என்று இரண்டு வேண்டியிருந்தது. பத்து அகவைப் பிள்ளை மட்டும் முதற்படியிலேயே தூய செந்தமிழில் எழுதிவிட வேண்டுமாம்!

பாவாணரையும் நினைவூட்டுகிறேன். வேர்ச்சொல்லாராய்ச்சி செய்த பேரறிஞராகவே அவரை நாம் போற்றுகிறோம். பல்லாண்டுகள் பள்ளியில் தமிழாசிரியராக உழைத்தவர் அவர். கட்டுரை எழுதக் கற்பிப்பதற்கென்றே ‘கட்டுரை வரைவியல்’, ‘உயர்தரக் கட்டுரை இலக்கணம்’ என்னும் நூல்களை எழுதினார். சொல்லின் வேரைத் தேடியவர்க்குப் பிள்ளையின் கட்டுரை ஏடும் ஒரு பொருட்டாக இருந்தது. அப்பக்கத்தை நாம் தொடரவில்லை.

இனி, என்ன செய்யலாம்? பேச்சு வழக்கில் எழுதினால் அடிக்காதீர்கள். முதற்படியில் அது வரட்டும். அந்தப் பையனை இன்று என் முன் நிறுத்தினால் நான் செய்வது இதுதான். முதலில், “அப்புறம் அப்பா மேலே வந்துவிட்டாரா, தம்பி?” என்று கேட்பேன். எழுதியவனுக்குப் படிப்பவன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிய வேண்டும். பின்பு, “வர்ற வரிக்கும்” என்பதை எழுத்தில் எப்படிச் சொல்வோம் என்று கேட்பேன். ‘அப்பா மேலே வரும் வரைக்கும் அம்மா வாய் திறக்கவில்லை’ என்று அவனே மாற்றுவான். ஏழு சொல்லில் நான்கு சொல் மட்டுமே மாறும். அந்தத் தாயின் அச்சம் அப்படியே இருக்கும். பேச்சுத் தமிழிலிருந்து செந்தமிழுக்குச் செல்லும் வழி அவன் வாயிலிருந்து தொடங்குகிறது, துணைநூலிலிருந்து அன்று. ‘போன்’ என்றும் ‘டீச்சர்’ என்றும் அவன் எழுதியிருந்தால், மறுபடியில் இருவருமாகத் தமிழ்ச்சொல் தேடுவோம். தானே தேடிக் கண்ட சொல்லைப் பிள்ளை விடாது. நாம் அடித்து எழுதிய சொல் அந்த ஏட்டோடு சரி.

சிவப்பு மையைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். ஒரு கட்டுரையில் இருபத்துமூன்று பிழை கண்டால் இருபத்துமூன்றையும் வட்டமிடாதீர்கள். இந்தக் கிழமை ரகர றகரம். அடுத்த கிழமை வல்லொற்று. பிழையில்லாத ஒரு நல்ல தொடரின் கீழ் ஒரு கோடும் இடுங்கள். “ஐந்து வகுப்பு, இருநூறு ஏடு, எப்போது திருத்துவது?” என்று ஆசிரியர் கேட்பது முறையே. எல்லாவற்றையும் நீங்கள் திருத்த வேண்டா. இருவரிருவராக அமர்த்தி ஒருவர் ஏட்டை ஒருவர் படித்து, விளங்காத இடத்தைக் கேட்கச் செய்யுங்கள். பவணந்தியார் கொடுத்த காற்கூறு அதுவே.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. வரவேற்போம். ஆனால் ஒன்று: அங்கு எழுத்து என்பது முதன்மையாக எழுத்தறிவு. எழுத்தறிந்த பிள்ளை எதை எழுதப் போகிறது என்பதே நம் வினா. இன்று கைப்பேசியில் நாள்தோறும் நம் பிள்ளைகள் எழுதுகின்றனர். முன்னெந்தத் தலைமுறையும் இத்துணை எழுதியதில்லை. ஆனால் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகின்றனர். எழுத விருப்பமில்லாதவர்கள் அல்லர் அவர்கள். தமிழெழுத்தில் எழுதினால் தவறு கண்டுபிடிப்பார் ஒருவர் இருப்பார் என்று அஞ்சுகிறார்களோ என்று எனக்கு ஓர் ஐயம். அந்த ஒருவர் பெரும்பாலும் நாமாகத்தான் இருக்கிறோம்.

எங்கள் ஊரில் சென்ற ஆண்டு தொட்டுக் காரிக்கிழமை மாலைகளில் பதினான்கு பிள்ளைகள் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடுகின்றனர். பாடநூல் கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஒரு கோடிட்ட ஏடு, ஒரு கரிக்கோல். அரைமணிப் பொழுது எழுதுவர். பிறகு ஒருவர் எழுதியதை ஒருவர் படிப்பர். அவ்வேடுகளுள் மூன்றைப் பிள்ளைகளின் இசைவு பெற்று இங்குக் கொண்டுவந்துள்ளேன். அடித்தல் திருத்தல்களோடு அப்படியே இருக்கின்றன. கூட்டம் முடிந்தபின் மேசைமேல் வைக்கிறேன். எடுத்துப் படித்துப் பாருங்கள். படிக்கும்போது சட்டைப்பையிலுள்ள சிவப்பு எழுதுகோலை வெளியில் எடுக்க வேண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவிலும் தொடங்க விரும்புவோர் என்னிடம் பெயரைத் தந்து செல்லுங்கள். முதல் நாளைக்கு என்ன தலைப்புக் கொடுப்பது என்று கேட்பீர்கள். நாங்கள் கொடுத்த முதல் தலைப்பு ‘எங்கள் தெருக் குழாயடி’.